சத்தம் போடும் ரவுட்டர்

அந்த ரவுட்டரை நான் தொழிலுக்காகத் தேர்ந்தெடுத்தேனா, மகள் தூங்குவதற்காகத் தேர்ந்தெடுத்தேனா? நான்கு வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

அப்போதுதான் என் கணவர் செவிலிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் டவர் நிறுத்தி, வயர் இல்லாமல் இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியிருந்தார். பட்டுக் கடைகள், புடவை டிசைன் போடும் சென்டர்கள் என்று முப்பது இணைப்புகள். அத்தனையும் ஒரே பெட்டி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அதுதான் கோர் ரவுட்டர். அது நின்றால் எல்லோருக்கும் நின்றுவிடும். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் தினமும் திணறியது. டவர் ஏறுவது அவர் வேலை, படித்துப் பார்த்து முடிவு சொல்வது என் வேலை. நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள் என்பதை என்னைவிட அவர்தான் அதிகமாக நம்பினார்.

சென்னை வியாபாரி ஒருவர் இரண்டு ரவுட்டர்களைக் கொண்டுவந்தார். ஒன்று செகண்ட் ஹாண்ட், சூட்கேஸ் அளவு, உள்ளே நான்கு ஃபேன். இன்னொன்று புதுசு, டிபன் பாக்ஸ் அளவு, ஃபேனே கிடையாது.

"ஒவ்வொண்ணையும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க மேடம். வேணாங்கறத நானே வந்து எடுத்துக்கினு போறேன்."

"பெருசு ரொம்ப சத்தம் போடுதேப்பா," என்றார் என் கணவர்.

"பெரியவங்கன்னா சத்தம் போடத்தான் சார் செய்வாங்க!"

மகளுக்கு அப்போது ஏழு மாதம். முதல் ஐந்து மாதம் பிள்ளையார்பாளையத்தில் என் அம்மா வீட்டில் இருந்தாள். அங்கே வீட்டுக்குள்ளேயே தறி, இரண்டு பக்கத்து வீடுகளிலும் தறி. அந்தச் சத்தத்தில்தான் தூங்குவாள். அமாவாசையன்று தறிகளுக்கு லீவு. தெருவே அமைதியாகிவிடும், இவள் மட்டும் நாள் முழுக்க அழுவாள். "உன் பொண்ணுக்கு லீவே புடிக்கல பாருமா," என்று அம்மா சிரிப்பாள். செவிலிமேட்டுக்கு வந்த பிறகு எனக்குத் தினமும் அமாவாசைதான்.

பெரிய பெட்டி ஓடிய முதல் மதியம், பக்கத்து அறையில் மகள் பத்தே நிமிடத்தில் தூங்கிப்போனாள். இரண்டு மணி நேரம்! மூச்சு வருகிறதா என்று மூன்று முறை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். வாரம் முழுக்க அப்படியே. அடுத்த வாரம் சின்னப் பெட்டி. அதுவும் நன்றாகவே ஓடியது. மின்வெட்டில் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கியது. பெரியதற்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஆனால் மகள் மறுபடி அழத் தொடங்கிவிட்டாள்.

வியாபாரி வர வேண்டிய காலையில் கணவர் கேட்டார். "இன்னாம்மா, எத வெச்சிக்கலாம்?"

"பெருசுங்க."

"கரன்ட் போனா சீக்கிரம் நின்னுடுதே?"

"அதுல ரெண்டு பவர் சப்ளை இருக்குதுங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும். கனெக்‌ஷன் ஜாஸ்தியானாலும் சமாளிக்கும்."

சொன்னதெல்லாம் உண்மை. சொல்லாதது ஒன்றுதான்.

"படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று மாடிக்குப் போய்விட்டார்.

முகூர்த்த மாதம் ஒன்றில் மதியம் கரன்ட் போனது. கொஞ்ச நேரத்தில் பேட்டரியும் தீர்ந்தது. பெட்டியின் ஃபேன்கள் நின்றதும் மகள் விழித்து அழுதாள். ரவுட்டர் நின்ற செய்தி எங்கள் வீட்டில் அப்படித்தான் வரும். அடுத்த நிமிடம் பட்டுக் கடைக்காரரின் போன், அடுப்படி வரை கேட்டது. "இன்னாபா இது? கல்யாண வீட்டுக்காரங்க எதிர்ல உக்காந்துக்கினு கீறாங்க, டிசைன் வரவே மாட்டேங்குது!"

"அண்ணே, பேட்டரிதான் காலி. மிஷின் எங்க வீட்ல பாத்து எடுத்தது, அதுல கோளாறே வராது."

கணவர் அப்படிச் சொன்னபோது தோசையைக் கருக்கிவிட்டேன்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. இணைப்புகள் மூன்று மடங்கான பிறகும் அந்தப் பெட்டி தானாக ஒருநாளும் நின்றதில்லை. அப்படியானால் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேனோ? சின்னது அத்தனை இணைப்புகளைத் தாங்கியிருக்குமா, யாருக்குத் தெரியும்?

மகள் இப்போது எல்.கே.ஜி. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறாள். பெரிய பெட்டிக்கு வயதாகிவிட்டது. அதே வியாபாரி மறுபடி இரண்டைக் கொண்டுவந்து வைத்து, ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார். "நீயே சொல்லும்மா. போன தடவ கரெக்டா சொன்னியே," என்கிறார் கணவர்.

இந்த முறை காரணங்களைச் சொல்லும் முன் அந்தப் பழைய காரணத்தையும் சொல்லிவிடலாமா? சொன்னால் சிரிப்பாரா? இல்லை, இனிமேல் நான் எதைச் சொன்னாலும் வேறு காரணம் இருக்குமோ என்று யோசிப்பாரா? கணவரோடு சேர்ந்து தொழில் நடத்தும் தோழிகளே, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எழுதுங்கள்.