சொட்டு நிற்காத கார்

நேற்று ஒரு மெக்கானிக் கடையில், சூடான இன்ஜின் மேல் எண்ணெய் சொட்டிக் கருகும் வாடை வந்தது. உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகைக்குள் மனசு போய்விட்டது. இப்போது அதை இடித்து மனை போட்டுவிட்டார்கள்.

அங்கே நைனாவின் பழைய காருக்கு அடியில் எப்போதும் ஒரு தகரத் தட்டு இருக்கும், அதில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, கசிவை அடைக்கும் கேஸ்கட்டாக வைப்பார், சோப்பைக் குழைத்து அப்புவார், போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குவார். ஓரிடத்தில் நின்றால் வேறோரிடத்தில் கசியும், மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவார்.

மாமா கல்யாணத்துக்குத் திருமுக்கூடலுக்குக் காரில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தவர், அன்று விடியற்காலை தட்டில் ஒரு சொட்டைப் பார்த்துவிட்டு அடியில் போய்ப் படுத்தார். அம்மா பட்டுப்புடவையோடு கொட்டகை வாசலில் நின்றாள்.

"இன்னும் இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

"ஒரே ஒரு போல்ட்டு. முடிஞ்சிடும்."

வெயில் ஏறியதும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நாங்கள் போனபோது அவள் தம்பி தாலி கட்டி முடித்திருந்தான்.

கடைசிப் பந்தி நடக்கும்போது நைனா காரில் வந்து இறங்கினார். கையெல்லாம் கறுப்பு. "இப்ப ஒரு சொட்டு வராது, ஏறு" என்றார். அம்மா என் கையைப் பிடித்து பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஊர் வரைக்கும் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே நைனா தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மா ஒருமுறைகூடத் திரும்பவில்லை.