கிழக்கு ஓரத்து வேகம்

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு தென்துருவத்துப் பனியை ஆராய்கிறேன் என்றால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். ஒரு கலியாண வீட்டில் தூரத்து உறவான மாமா ஒருவர், கையில் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் வந்து நின்று கேட்டார்:

"பிள்ளை, நீர் ஐஸைக் கண்டது ஃபிரிட்ஜுக்குள்ள மட்டும்தானே?"

"ஓம் மாமா. சந்திரனைப் பற்றிப் படிக்கிற ஆக்களும் எல்லாரும் அங்க போய் வந்தவையில்லை."

அவர் வேறு மேசைக்குப் போய்விட்டார்.

இப்படிப் பதில் சொல்லி எனக்குப் பழகிப்போயிருந்தது. அதே கேள்வியை என் துறையில் பெரிய மனிதர் ஒருவரே கேட்ட நாளில்தான் தடுமாறினேன்.

நானும் அக்காவும் இருக்கிற மூன்றாம் மாடி வீட்டில், சாப்பாட்டு மேசைதான் என் ஆய்வுகூடம். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிந்து, இங்கிருந்தபடியே படித்துக்கொண்டிருந்தேன். படித்தது பனித்தட்டுகளைப் பற்றி. தரையில் கிடக்கும் பனி மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகரும். கடலுக்கு வந்த பிறகும் தரையில் இருக்கும் பனியை விட்டுப் பிரியாமல், தடித்த பலகை போல மிதந்தபடி நீளும். அதுதான் பனித்தட்டு. அதன் முன் விளிம்பு அவ்வப்போது உடைந்து பனிப்பாறையாகப் பிரிந்து போகும்.

எல்லா உடைவும் ஒன்றல்ல. உடைந்த துண்டு சும்மா மிதந்துகொண்டிருந்ததென்றால், பின்னால் இருக்கும் பனி முன்போலவே நகரும். ஆனால் அந்தத் துண்டு குடாவின் சுவரோடோ கடலடி மேடு ஒன்றோடோ முட்டிக்கொண்டு நின்றிருந்தால், அத்தனை காலமும் அது பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அது போனதும் தட்டு வேகமெடுக்கும். தட்டுக்குப் பின்னால் தரையில் இருக்கும் பனியும் வேகமெடுக்கும். மிதக்கும் பனி உடைவதால் கடல் உயர்வதில்லை. தரைப்பனி வந்து இறங்கினால் உயரும்.

சில நாள் இடைவெளியில் விண்ணிலிருந்து எடுத்த இரண்டு செய்மதிப் படங்களில் ஒரே வெடிப்பைத் தேடிப்பிடித்து, அது எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. கணினி ஆயிரக்கணக்கான வெடிப்புகளை ஒரே மூச்சில் அளந்து தரும். அப்படி அளந்ததில், பெரிய உடைவு ஒன்றுக்குப் பிறகு ஒரு தட்டின் கிழக்கு ஓரம், மேற்கு ஓரம் இரண்டுமே வேகமெடுத்திருந்தன.

மாதாந்த இணையக் கூட்டத்தில் அந்த வரைபடத்தைக் காட்டினேன். பலமுறை தென்துருவம் போய் வந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் அதை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"இது கணினி செய்த பிழை. நீங்கள் ஒருமுறையாவது பனியில் நடந்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். இந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்."

என் அளவைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் கால்களைப் பற்றித்தான் பேசினார்.

"எந்த இடத்தில் பிழை என்று காட்டுங்கள். காட்டினால் எடுக்கிறேன். காட்டாமல் எடுக்கமாட்டேன்."

கடைசியில் என் மேற்பார்வையாளர், "ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வழியில் சரிபாருங்கள்" என்றார்.

அக்கா எங்கள் பகுதியின் பெருந்தெருவான காலி வீதியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அன்று வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றியபடியே கேட்டாள்: "ஏன்டி முகம் உப்பிடிக் கிடக்கு?"

எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "அந்தாள் சொல்லுறது சரியா இருக்கேலாதோ?" என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் நான் என்னையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

கையால் அளந்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன். அதில் ஒரு சிக்கல் இருந்தது. எனக்கு என்ன விடை வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த கண் அதையே காணும். தெரியாத கண் ஒன்று தேவை.

"அக்கா, நீ பாக்கிறியா?"

"எனக்கு உந்தப் பனி ஒண்டும் விளங்காது."

"எனக்கு அதுதான் வேணும்."

படங்களைச் சிறு சதுரங்களாக வெட்டி, நாளும் இடமும் தெரியாதபடி கலைத்து அவளிடம் கொடுத்தேன். காலையில் கடைக்குப் போகுமுன்னும், முழுநிலா விடுமுறையான போயா தினங்களிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் லப்டொப்பின் முன் இருந்து, இரண்டு சதுரத்திலும் ஒரே வெடிப்பைத் தேடிப் புள்ளி வைத்தாள். நான் பக்கத்தில் நின்றால் துரத்திவிடுவாள். ஒருநாள் பொறுக்காமல் எட்டிப் பார்த்தேன்.

"இது ரெண்டும் ஒண்டுதானே அக்கா, வையன்."

"இல்லை. இதின்ரை வாலில ஒரு கிளை இருக்கு. அதில இல்லை. தெரியாட்டித் தெரியாதெண்டுதான் போடுவன். உன்ரை பட்டத்துக்காக நான் பொய்ப் புள்ளி வைக்கேலாது."

அவள் முடித்ததும் ஒரு ஞாயிறு முற்பகல், அசையாத பாறைகளை அடையாளமாக வைத்து, கலைத்ததையெல்லாம் மீண்டும் அடுக்கினேன். மேற்கு ஓரத்தில் வேகம் கூடவே இல்லை. முதல் தடவை கணினிக்காக இரண்டு படங்களை ஒன்றின் மேலொன்று பொருத்தியபோது அந்தப் பக்கத்தில் ஒரு சிறு பிசகு. அது கணினியின் பிழைகூட இல்லை, என்னுடையது. ஆனால் கிழக்கு ஓரத்தில் வேகம் அப்படியே இருந்தது. அங்கே கடலடியில் ஒரு மேடு. உடைந்த துண்டு அதன்மேல்தான் சாய்ந்து நின்றிருக்கிறது. மேற்கில் உடைந்ததற்கு முட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. இதை முதலே யோசித்திருக்க வேண்டும்.

"அப்ப அந்தாள் வெண்டிட்டாரோ?" என்றாள் அக்கா.

"பாதி."

"மற்றப் பாதி?"

"அது என்ரை. அதை நான் விடமாட்டன்."

மேற்கைச் சத்தமில்லாமல் நீக்கிவிடலாம் என்ற ஆசையும் வந்தது. செய்யவில்லை. அடுத்த கூட்டத்தில் என் பிழையைத்தான் முதலில் காட்டினேன்.

"நான் அப்போதே சொன்னேன்" என்றார் அவர்.

"நீங்கள் இரண்டையும் எடுக்கச் சொன்னீர்கள், காரணம் சொல்லவில்லை. மேற்கை எடுத்துவிட்டேன், காரணம் இதோ. கிழக்கு இருக்கும், அதற்கும் காரணம் இதோ. வெடிப்புகளைக் கையால் குறித்தவர் என் அக்கா. அவரும் பனியில் நடந்ததில்லை."

இந்தத் தடவை அவர் பார்த்தார். ஒவ்வொரு சதுரமாகப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார். வெகுநேரத்திற்குப் பிறகு, "கிழக்கை ஏற்றுக்கொள்கிறேன்" என்றார். மன்னிப்பு ஏதும் வரவில்லை. நான் கேட்கவுமில்லை. எனக்கு வேண்டியது அந்தக் கிழக்கு ஓரம்.

கட்டுரை தயாரானபோது, நன்றிப் பகுதியில் அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் என்ன பதவி போடுவது என்று மேற்பார்வையாளர் கேட்டார். உதவி ஆய்வாளர் என்று போடலாமே என்றார்.

"துணிக்கடையில் வேலை செய்கிறார் என்றே போடுங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை."

அப்படியே அச்சானது. அக்காவிடம் காட்டினேன். தன் பெயர் இருந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள்.

"நல்ல காலம், கடையின்ரை பேரைப் போடேல்லை" என்றாள். "போட்டிருந்தால் முதலாளி தென்துருவச் சேலையெண்டு விக்கத் தொடங்கியிருப்பார்."