கோக்கோ காய்க்காத தோப்பு

2007, ஜூன் முதல் வாரம். காலை ஆறு மணிக்குத் தேனியில் கம்பம் பேருந்தில் ஏறினேன். நாற்பது கிலோமீட்டருக்குச் சீட்டு பதின்மூன்று ரூபாய். கரூரில் எனக்கு ஒரு பேக்கரி உண்டு. பதினெட்டு வருடமாகக் கோக்கோத் தூளைக் கேக்கில் கலக்குகிறேன், மரத்தைப் பார்த்ததில்லை. எங்கள் கடையில் வேலை செய்யும் பிலோமினாவின் தம்பி மரியசெல்வம், காமயகவுண்டன்பட்டியில் தென்னைக்கு ஊடே கோக்கோ வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினேன்.

ஏழரைக்குக் கம்பம். அங்கிருந்து டவுன் பஸ், மூன்று ரூபாய். இறங்கிய இடத்தில் மரியசெல்வம் சைக்கிளோடு நின்றார்.

"அக்கா போன்ல சொன்னாக. இன்னைக்கே வந்தீக, நல்லதாப் போச்சுண்ணே. மரத்தப் பூராம் வெட்டப் போறோம்."

நடந்துகொண்டே காரணம் சொன்னார். நூற்றைம்பது மரம். வைத்து நாலு வருடம். பூக்கிறது, உதிர்கிறது, காய் பிடிப்பதில்லை. அந்த இடத்தில் வாழை வைக்க முடிவு செய்துவிட்டார்.

எட்டேகாலுக்குத் தோப்பில் நுழைந்தோம். கோக்கோ மழைக்காட்டு மரம். பெரிய மரங்களின் நிழலில் வளர்வது. இங்கே அந்த நிழலைத் தென்னை தருகிறது. கோக்கோ மரங்கள் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம். பூக்கள் கிளை நுனியில் இல்லை, அடிமரத்திலேயே ஒட்டியிருந்தன, நகக்கண்ணைவிடச் சிறியவை. தரையில் ஒரு சருகு கிடையாது. வாய்க்கால் பக்கமிருந்து இரண்டு பேர் கோடாலியோடு தொடங்கியிருந்தார்கள்.

மரியசெல்வத்தின் மனைவி ஜெசிந்தா காப்பி கொண்டுவந்தார். அழுத முகம்.

"இதுகளுக்கு என்னண்ணே கொற வச்சேன்? தெனம் விடியமுன்ன வந்து பெருக்குறேன்."

வெட்டுவதற்குள் ஒரு காயாவது பார்க்க முடியுமா என்று கேட்டேன். மேற்கு வேலியோரம் ஒன்றிரண்டு இருக்கலாம் என்று ஜெசிந்தா கடைசி வரிசைக்கு அழைத்துப்போனார். போன வருடம் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிய வாழைமரங்கள் அங்கே குவிந்து அழுகிக் கிடந்தன.

"இங்கன மட்டும் பெருக்குறதில்ல. பாம்பு கெடக்கும்."

அங்கே மஞ்சள் காய்கள், வரிவரியாக, அடிமரத்தில் தொங்கின. ஒன்றைப் பறித்துக் கல்லில் அடித்து உடைத்தார். வெள்ளைச் சதை, இனிப்பும் புளிப்பும். விதையைக் கடித்தேன், உள்ளே ஊதா நிறம், ஒரே கசப்பு. சாக்லேட் வாசனை துளியும் இல்லை. எனக்கு ஏமாற்றம்தான்.

ஜெசிந்தா அதைக் கவனிக்கவில்லை. வரிசையிலிருந்த ஒன்பது மரங்களையும் சுற்றிப் பார்த்தார். ஒன்பதிலும் காய். அழுகல் குவியலைக் காலால் தட்டினார். புள்ளி புள்ளியாகச் சிறு பூச்சிகள் எழும்பின. கொசுவைவிடச் சின்னவை. இரண்டு, பூவுக்குள் நுழைந்தன.

"ஏங்க! வெட்டாதீக!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

"என்ன இப்ப?" என்றார் மரியசெல்வம்.

"குப்ப கெடக்குற எடத்துலதான் காய்ச்சிருக்கு. அந்தப் பூச்சிதான் பூவுக்குள்ள போயிட்டு வருது. நாந்தான் அது அண்டவிடாம கூட்டித் தள்ளிட்டேன்."

"கூட்டுனா காய்க்காதா? கிறுக்கச்சி."

"வந்து பாருங்க. பாத்துட்டு வெட்டுங்க."

அவர் வந்தார். குந்தி உட்கார்ந்து பூவையே பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கோடாலிக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள்.

எழுந்தபோது மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு வருசம். அதுவரைக்கும் நீ வெளக்குமாத்தத் தொடக்கூடாது."

அதற்குள் பதினோரு மரங்கள் விழுந்திருந்தன. வெட்ட வந்தவர்கள் அழுகிய வாழைமட்டைகளை மற்ற வரிசைகளுக்குச் சுமந்தார்கள். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது ஜெசிந்தா விழுந்த மரங்களிடையே நின்றிருந்தார். ஒன்றின் அடிமரத்தில் பூ வாடாமல் இருந்தது. இலைகளை ஒடித்து, நிற்கும் மரங்களின் அடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுவருடம் பிலோமினா ஊருக்குப் போய்வந்து சேதி சொன்னார். எல்லா வரிசையிலும் காயாம். ஆனால் வீட்டுக்கு வருபவர்களை ஜெசிந்தா தோப்புப் பக்கம் அழைப்பதே இல்லையாம். சருகு கணுக்கால் வரை கிடக்கிறதே, பார்ப்பவர்கள் என்ன பொம்பளை என்று நினைப்பார்களோ என்று வெட்கமாம்.