யோசிக்கிறவன் கை காலி

மும்பை லோக்கல் வண்டி வடாலா சேர்வதற்குள் பத்ரிநாராயணன் நாலு பேரைப் படித்து முடித்துவிடுவார். போனில் ஆடும் போக்கர் சீட்டாட்டத்தில் முகம் ஏது? 'டைகர்', 'பாஸ்' என்று வெறும் பெயர்கள்தான் வட்டமாக உட்கார்ந்திருக்கும். பந்தயம் கட்ட ஒருவன் எவ்வளவு நேரம் எடுக்கிறான், அதை மட்டும் கவனிப்பார். "யோசிக்கறான்னா கை காலி. சீட்டு இருக்கறவன் சட்டுனு போட்டுடுவான்" என்பார். சுனாபட்டியில் ஏறினால் கோட்டையில் ஆபீஸ் வரும்வரை இந்த ஜோசியம்தான்.

வீட்டிலும் அதே பாடம். சாதத்தைப் பிசைந்துகொண்டே மனைவி ருக்குவுக்கு விளக்குவார். "எதிராளி கை பெரிசுன்னு தெரிஞ்சுடுத்தா, நம்ம சீட்டைக் கவுத்து வெச்சுட்டு எழுந்துடணும். அதான் ஆட்டம்." அவர் அப்படி எழுந்ததாகச் சரித்திரமே இல்லை.

சட்டம் வந்து இந்த ஆட்டங்களை மூடியபோது ருக்கு பாயசம் வைத்தாள். மனுஷர் இரண்டு டம்ளர் குடித்தார். மகள் மானசாவின் தலையில் கை வைத்து, "விட்டாச்சு" என்று சத்தியம் வேறு. மறுவாரமே யாரோ சொல்லிக்கொடுத்த வெளிநாட்டு ஆப் ஒன்று போனுக்குள் வந்துவிட்டது. அந்தக் கையால்தான் தினமும் சந்தியாவந்தனமும் நடக்கிறது.

போன வாரம் மானசாவின் காலேஜ் ஃபீஸ் அவர் கணக்கில் இருந்தது. ஆட்டத்தில் ஒருவன் வெகுநேரம் யோசித்துப் பந்தயம் கட்டினான். கை காலி என்று தீர்மானித்து, ஃபீஸ் மொத்தத்தையும் வைத்தார் பத்ரி. அவனிடம் மூன்று ராஜா இருந்தது. அவனும் எங்கோ ஒரு லோக்கலில் தொங்கிக்கொண்டு போயிருப்பான், நடுவில் நெட்வொர்க் போயிருக்கும். அவன் யோசிக்கவே இல்லை என்பது இவருக்கு உறைத்தபோது வண்டி சிவ்ரியைத் தாண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ருக்கு தரையில் இரண்டு தட்டுகளை வைத்து, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் கடைசி நாளாமே, மானசா ஃபீஸ்..."

"கட்டியாச்சு" என்றார், அவள் முடிப்பதற்குள்.

எதைக் கேட்டாலும் மூன்றாம் தடவைதான் போனிலிருந்து நிமிர்கிற மனுஷர் அவர். ருக்கு அவரையே பார்த்தாள்.

"சட்டுனு சொல்லிட்டேளே" என்றாள்.

அவர் தட்டில் சாதத்தைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள். பிறகு தன் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.