ஆமென் வரும் வரை

சகாயநாதன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், நாற்பது கன்றுகளில் அந்தப் பெயருள்ள ஒன்று மட்டும் பட்டியை விட்டு வெளியே வரும். ஓசூரை ஒட்டிய மாட்டுப் பண்ணை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகக் கன்று பழக்கிய மேஸ்திரி அவர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் மாட்டை அதட்டுவார். மூன்றுக்கும் மாடு கேட்கும். அடியாத மாடு படியாது என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "அடிக்கிறவனுக்குப் பழக்கத் தெரியலைன்னு அர்த்தம். இளசுல ஒரு சொல்லு பதிஞ்சாப் போதும்" என்பார். கை ஓங்காத மனுஷன்தான். ஓங்கியிருந்தாலே தேவலை என்று அவர் மனைவி அருள்மேரி ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

அவள் சொன்னது மகன் ஜான்பீட்டரை நினைத்து. அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் உண்டு. ஜெபம் முடிந்து அப்பா ‘ஆமென்’ என்றால்தான் கை சோற்றைத் தொடலாம். கிறிஸ்தவ வீடுகளில் இது புதிதில்லை. ஆனால் சகாயநாதன் சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் மேஸ்திரிதான். விருந்தாளி வந்தால், ஆமெனுக்கு முன்னால் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு ஊர்க்கதை பேசுவார். பையன் கூப்பிய கையோடு உட்கார்ந்திருப்பான். விருந்தாளி மெச்சுவார்.

பையனுக்கு ஆறு வயதிருக்கும். ஒரு நாள் ஜெபம் பாதியில் இருக்கும்போது பண்ணை ஆள் ஓடி வந்து, பசு கன்று போடத் திணறுகிறது என்றான். எழுந்து போனவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வந்து பார்த்தால் பையன் ஆறிப்போன சோற்றின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.

"நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். அப்பா இன்னும் ஆமென் சொல்லலைங்கிறான்" என்றாள் அருள்மேரி. அவள் கண் கலங்கியிருந்தது. அவருக்கோ பெருமை தாங்கவில்லை. அந்தக் கதையைப் பத்து வருஷம் ஓசூர் முழுக்கச் சொல்லித் திரிந்தார், பாவி மனுஷன்.

பையனுக்குப் பதினைந்து வயதானபோது எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தான். சீசர் என்று பெயர் வைத்தான். தனக்குத் தெரிந்த வளர்ப்பு எதுவோ அதன்படியே வளர்த்தான். தட்டை வைத்து, குட்டியை உட்கார வைத்து, வீட்டார் ஜெபம் முடித்து ஆமென் சொல்லும்வரை அது வாய் வைக்கக் கூடாது. நாளடைவில் அது யாரும் கவனிக்காத சங்கதியாகிவிட்டது. மூன்று வேளையும் வீட்டில் சொல்கிற சொல்தானே!

அறுபத்தாறாம் வருஷம் ஜான்பீட்டருக்கு பெங்களூர் ஃபாக்டரி ஒன்றிலிருந்து வேலைக் கடுதாசி வந்தது. அப்பாவிடம் கேட்காமல் மனுப் போட்டிருந்தான். பத்தொன்பது வயசில் அவன் கேட்காமல் செய்த ஒரே காரியம் அது. பண்ணையிலேயே அவனைச் சேர்த்துவிட வேண்டும் என்று ஆபீசரிடம் சொல்லி வைத்திருந்த சகாயநாதனுக்குத் தலை குனிவாகப் போயிற்று.

"கேக்காமப் போறவன், இனிமே நான் கூப்பிடாம இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார்.

"சரிங்கப்பா" என்றான் அவன். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

இரண்டு கிறிஸ்துமஸ் போயிற்று. மாதம் தவறாமல் அம்மா பெயருக்குக் கார்டு வரும். கடைசி வரியில் ‘அப்பா சௌக்கியமா’ என்று இருக்கும். அருள்மேரி சத்தமாகப் படிப்பாள். அவர் காது கேட்காதவர் மாதிரி வெற்றிலை மடிப்பார். அவள் கோயிலுக்குப் போனதும் எடுத்துப் படிப்பார். விலாசம் முதற்கொண்டு மனப்பாடம். ஏக்கம் என்றால் அப்படியோர் ஏக்கம். பெங்களூர் பஸ் ஹாரன் கேட்டால் காரணமில்லாமல் வாசலுக்கு வந்து நிற்பார். ஆனால் கூப்பிடமாட்டார். பெற்றவனுக்கு இல்லாத ரோஷமா?

அதில் இரண்டாவது கிறிஸ்துமஸுக்கு பஸ் கண்டக்டர் கங்கப்பன் ஒரு செய்தி கொண்டுவந்தார். "மேஸ்திரி, உங்க பையன் ஓசூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தான். அப்புறம் இதை எங்கிட்டக் குடுத்துட்டுத் திரும்ப பஸ்ஸு ஏறிட்டான்." பொட்டலத்தில் ஒரு கேக்கும் அப்பாவுக்கு ஒரு சட்டையும் இருந்தன.

"இவ்வளவு தூரம் வந்தவனுக்கு ரெண்டு மைலு நடக்க வலிக்குதா? திமிரு" என்று சகாயநாதன் சட்டையைப் பெட்டியின் அடியில் போட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

சீசர் வேறு விடியற்காலையிலிருந்து வாசப்படியில் படுத்து ரோட்டையே பார்க்கும். தான் ஒளித்து ஒளித்துச் செய்வதை இந்த நாய் பகிரங்கமாகச் செய்கிறதே என்று அவருக்குத் தாளவில்லை. குருபரப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கும் நாராயணப்பன் காவலுக்கு நல்ல நாய் வேண்டுமென்று கேட்டிருந்தார். அறுபத்தெட்டு மாங்காய்க் காலத்தில் சீசரை அவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அருள்மேரி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

நாலாம் நாள் காலையில் தோப்பு ஆள் முனிவேல் வந்து நின்றான். "நாயி ஒரு வாய் திங்கலைங்க மேஸ்திரி. அய்யா உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாரு."

ஏக்கத்தில் கிடக்கிறது, வேறென்ன என்று நினைத்துக்கொண்டே போனார். தோப்பில் நாராயணப்பனும் அவர் மனைவி சரோஜம்மாளும் நாயைச் சுற்றி நின்றார்கள். கழுத்தில் மந்திரித்த கயிறு, நெற்றியில் விபூதி. அவரைப் பார்த்ததும் சீசர் வாலை ஆட்டியது. ஆனால் தட்டை விட்டு நகரவில்லை. களி, பால், அவித்த முட்டை எல்லாம் முன்னால் இருந்தன. வாயில் எச்சில் ஒழுக, நாய் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது.

அந்தப் பார்வையைச் சகாயநாதன் எங்கோ பார்த்திருக்கிறார். ஆறிப்போன சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்த ஆறு வயசுப் பையன் முகத்தில். தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டு, "ஆமென்" என்றார்.

நாய் தட்டில் விழுந்தது.

சரோஜம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அட சாமி! சோறு மூணு நாளா முன்னாலதான இருந்துச்சு. ஒரு சொல்லுக்காகவா காத்துக்கிட்டு இருந்துச்சு? நாங்க திமிருன்னு இல்ல நெனச்சோம்!"

நாராயணப்பன் சிரித்தார். "பழக்குனா இப்படியில்ல பழக்கணும்! யாரு மேஸ்திரி, நீங்களா?"

"எம் பையன்" என்றார் சகாயநாதன். சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது திமிரில்லை. நான் கூப்பிடாமல் மிதிக்காதே என்றார், அவன் மிதிக்கவில்லை. அவ்வளவுதான். ரெண்டு வருஷமாகச் சோறு முன்னால் இருந்திருக்கிறது.

நாயை நாளைக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்தார். வந்தது கங்கப்பன் இருந்த பஸ். ஓசூர் வந்ததும், "மேஸ்திரி, எறங்கலையா?" என்றார் கங்கப்பன்.

"பெங்களூருக்கு ஒரு டிக்கெட் போடுங்க. வீட்டுல சொல்லிடுங்க" என்றார்.

விலாசம் விசாரிக்கத் தேவைப்படவில்லை. விளக்கு வைக்கும் நேரம். ஃபாக்டரிக்குப் பக்கத்து மெஸ்ஸில் காக்கிச் சட்டையோடு ஜான்பீட்டர் அப்போதுதான் இலை முன்னால் உட்கார்ந்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். மீசை வந்திருந்தது. ரொம்ப இளைத்திருந்தான்.

"வீட்டுக்கு வாடா" என்றார்.

"சரிங்கப்பா" என்றான்.

அவருக்கும் இலை போட்டார்கள். சாம்பாரிலிருந்து ஆவி பறந்தது. பையன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான். இருபத்தொரு வயசு ஆம்பிளை, எட்டு மணி நேரம் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த பசி. ஜெபத்தையெல்லாம் விட்டுவிட்டு, "ஆமென்! சாப்பிடுடா, ஆறிடப் போவுது" என்றார் சகாயநாதன் அவசர அவசரமாக.

அவன் சாப்பிட்டான். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காதடா, பீட்டரு. உனக்கு வரணும்னா வா. பசிச்சாச் சாப்பிடு. என்னைக் கேக்காத."

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போங்கப்பா என்று அவன் எதிர்த்துப் பேசமாட்டானா என்று அந்த மனுஷனுக்கு மனசு கிடந்து தவித்தது.

ஜான்பீட்டர் வாயிலிருந்த கவளத்தை விழுங்கிவிட்டு நிமிர்ந்தான்.

"சரிங்கப்பா" என்றான்.