எனக்கு முன்னால் ஓடிய விசிறி

சுரங்கத்துக்குள் காற்று எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து எழுதுவது என் உத்தியோகம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி மாதாமாதம் அறிக்கை எழுதித் தேய்கிற எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்தான்.

ஐந்தாம் மாடி அன்ரி

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் என் வேலையை விளக்கி விளக்கி நாக்கு வறண்டுவிட்டது. பென்சிலுக்குப் போகிற காரீயம் தோண்டும் சுரங்கத்தில் நிலத்துக்குக் கீழே வெடி வைத்துப் பாறை உடைக்கிறார்கள், அந்தப் புகை வெளியே போகாவிட்டால் ஆள் மயங்கி விழும், அதற்காகத்தான் அளக்கிறேன் என்று லிஃப்டுக்குள் நின்று ஒரு பாடமே நடத்தினேன். ஐந்தாம் மாடி அன்ரி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

"ஓம் பிள்ளை, விளங்குது. அப்ப எங்கட ஏசி ஏன் தண்ணி ஒழுகுது எண்டு ஒருக்கா வந்து பாருங்கோவன்."

மூன்று பிளேன்டி

நான் அளக்கப் போன காரீயச் சுரங்கத்தில் மூன்று தளங்கள். அடித்தளத்தில் பாறையில் துளை போடுகிறவர் செல்வம், மலையகத்துக்காரர். தினமும் தலையிடி, மூச்சு முட்டுகிறது என்று முறைப்பாடு கொடுத்திருந்தார். அங்கே ஒரு விசிறி வாங்கிக் கொடுப்பதா இல்லையா என்பது என் அளவீட்டில் தொங்கியது.

ஒவ்வொரு தளத்திலும் இறங்கியவுடன் மனேஜர் பால் விடாத தேத்தண்ணி, அதுதான் பிளேன்டி, தந்தார். வேண்டாம் என்றால் அவர் முகம் சுருங்கியது. குடித்து முடித்து உள்ளே போனால், பீப்பாய் அளவு விசிறி ஒன்று ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தளத்திலும் அப்படியே; என் மீற்றரும் நல்ல எண் காட்டியது. தளத்துக்கொரு விசிறி, குறையொன்றுமில்லை என்று எழுதிக்கொண்டேன். மனேஜர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"மிஸ்ஸுக்கு வேர்க்கக் கூடாது. அதுதான் எங்களுக்கு முக்கியம்."

காலி வீதி பஸ்சில் வந்த போன்

என் அறிக்கையை வைத்துக்கொண்டு, புது விசிறி தேவையில்லை என்று கொழும்பில் முடிவாயிற்று. அடுத்த கிழமை நான் பஸ்சுக்குள் நசுங்கிக்கொண்டு நின்றபோது செல்வம் போன் எடுத்தார். வெடி வைத்த பிறகு உள்ளே போன அவரே மயங்கி விழுந்திருக்கிறார். இரண்டு பேர் தூக்கி வந்து வெளியே கிடத்தியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய விசிறி ஓடும்போது எப்படி மயங்குவீர்கள் என்று நான் கத்தியதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"அது ஒரே ஃபேன்தான் மிஸ், எப்பவும் மேல் தளத்துல இருக்கிறது. நீங்க பிளேன்டி குடிக்கிற நேரத்துல நாங்கதான் கீழ தூக்கிக்கிட்டு ஓடினோம். நானும் ஒரு பக்கம் பிடிச்சேன். வந்தவங்கள வேர்க்க விடலாமா?"

பத்து நாள் பூச்சியம்

அன்று எனக்கு என்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று தளத்திலும் ஒரே விசிறியைப் பார்த்துவிட்டு மூன்று என்று எழுதியவள் நான். அந்த மனிதர் செத்திருந்தால் என் கையெழுத்தும் அதில் இருந்திருக்கும்.

காற்றுப் பட்டால் சுற்றி எண் காட்டுகிற என் கைமீற்றரைச் செல்வத்திடமே கொடுத்தேன். தினமும் வேலை செய்யும் இடத்தில் பிடித்துப் பார்த்துக் குறித்து வைக்கச் சொன்னேன். பத்து நாளும் பூச்சியம். எங்கள் அலுவலகப் பெரியவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, மீற்றர் பழுது, ஒரு நாள்கூடச் சுத்தாமல் இருக்குமோ என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு செல்வத்துக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன்.

"மெசின் நல்லாத்தான் இருக்குங்க சார். எனக்கும் அதே சந்தேகம் வந்திச்சு. வாயால ஊதிப் பாத்தேன், சுத்திச்சு."

அடித்தளத்துக்கு இரண்டாவது விசிறி வந்துவிட்டது. சுரங்கப் பாதுகாப்புக்கு காற்றளக்கிற நான் செய்யக்கூடிய ஆகப் பெரிய தொண்டு, இனிமேல் அங்கே போனால் பிளேன்டி வேண்டாம் என்று சொல்வதுதான்.