ஒரு கேட், இரண்டு பூட்டு

எங்கள் ஊர் வன சமிதிக்கு நான் தலைவியானதற்கு ஒரே காரணம் என் தொண்டை. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும். காட்டை வனத்துறையும் ஊரும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கம் செய்த ஏற்பாடு இது. தலைவர் ஊர்க்காரர், செயலாளர் பாரஸ்டர். எங்களுக்கு வாய்த்த பாரஸ்டர் சின்ன வயசு மலையாளி. தமிழில் ஆரம்பித்துப் பாதியிலேயே மலையாளத்துக்குத் தாவிவிடுவார். வந்த முதல் நாளே அவரோடு சண்டை போட்டேன். எதற்கென்று மறந்துவிட்டது, சண்டை மட்டும் நிற்கவில்லை.

சோலார் வேலி வந்தபோது அதற்கு நல்ல தீனி கிடைத்தது. நெல்லியாம்பதி மலையடியில் எங்கள் மாந்தோப்புகள் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. கம்பியும் பேட்டரியும் துறை கொடுத்தது. கம்பம் நட்டதும், கம்பியில் படர்கிற கொடியை முறை வைத்து அறுப்பதும் நாங்கள். காட்டு நெல்லிக்காய் பறிக்கப் போகிற பெண்களுக்காக ஒரே ஒரு இரும்புக் கேட், அதுவும் என் தோப்பு ஓரத்தில். சாவி யாரிடம் இருப்பது?

"டிபார்ட்மென்ட் சொத்தல்லே சேச்சி, சாவி ஆபீஸ்லதான்" என்றார் பாரஸ்டர்.

"குழி தோண்டுனது உங்க ஆபீஸுங்களா? சாவி எங்க ஊட்டுலதான் இருக்கோணும்" என்றேன்.

கடைசியில் அவர் ஒரு பூட்டுப் போட்டார், நான் ஒரு பூட்டுப் போட்டேன். இரண்டு பேரும் வந்தால்தான் கேட் திறக்கும். நெல்லிக்காய்ப் பெண்கள் தினமும் எங்கள் இருவரையும் தேடி அலைந்தார்கள். "உங்க சண்டைக்கு நாங்க என்ன பாவம் பண்ணுனோம்?" என்று ஏசாத நாள் இல்லை.

வேலிக்குக் கரண்ட் கொடுத்த அன்று பந்தல், டீ, பருப்பு வடை, பேச்சு எல்லாம் உண்டு. பெரிய அதிகாரி பொத்தானை அழுத்தினார், நாங்கள் கை தட்டினோம். இனி இந்த ஊருக்குள் யானை கால் வைக்காது என்று முழங்கியது நானேதான். மறுநாள் விடிந்ததும், அண்ணியை நங்கையா என்றே கூப்பிடும் என் கொழுந்தனார் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"நங்கையா, ஓடைல பெரியவரு நிக்கறாருங்க!"

"வேலிக்கு அந்தப் பக்கந்தானே?"

"இல்லீங்க, நம்ம பக்கமுங்க!"

தந்தமில்லாத ஆண் யானை. முந்தின நாளே ஓடை மூங்கிலுக்குள் வந்து ஒதுங்கியிருக்கிறது. விழா நடத்துகிற அவசரத்தில் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று துறையும் பார்க்கவில்லை, சமிதியும் பார்க்கவில்லை. விருந்தாளியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டோம். காட்டுக்குத் திரும்பப் போன யானை கம்பியில் தும்பிக்கையை வைத்துவிட்டு அலறிய அலறல் ஊருக்கே கேட்டது.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடைக்கும் கேட்டுக்கும் நடுவில் நிற்பது என் சிந்தூர மாந்தோப்பு. காய் விளைந்து தொங்குகிறது, மறுநாள் பறித்து ஏற்றக் கோயமுத்தூர் லாரி வருகிறது. அந்த வருஷம் பூத்ததே குறைவு. பூத்ததிலும் பாதியை மழை உதிர்த்துவிட்டது. மிச்சம் நின்ற காய்தான் எங்கள் வருஷத்துச் சோறு.

மதியம் என் மாங்காய்க் கொட்டகையிலேயே அவசரக் கூட்டம் கூட்டினோம். வேலி தெற்கே ஒரு பாறையோடு முடிகிறது, அதைச் சுற்றிக் காட்டுக்குள் போய்விடலாம். பட்டாசு வெடித்து யானையை அந்தப் பக்கம் விரட்டலாம் என்றார்கள் பாதிப் பேர். நானும் அந்தக் கட்சிதான், என் தோப்பு தப்புமே! பாரஸ்டர் கூடாதென்று தலையாட்டினார்.

"அந்த வழியில காலனி வீடு உண்டு, சேச்சி. விரண்டு ஓடினா நம்ம சொன்ன பக்கமா ஓடும்? கேட்டைத் திறந்து வைக்கலாம். எல்லாரும் விலகி நின்னா, தானே போயிக்கும்."

"என்ற தோப்பு வழியாங்களா? நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!"

கை தூக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் சரிசமம். அப்படி வந்தால் தலைவர் ஓட்டுதான் முடிவு என்பது எங்கள் சமிதி வழக்கம். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். என் சிந்தூரம் கண்ணில் நின்றது. காலனியில் மத்தியான நேரம் கிழடுகளும் குஞ்சு குளுவான்களும் மட்டும்தான் இருப்பார்கள், அதுவும் கண்ணில் நின்றது.

"தொறந்து தொலைங்க" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன், எல்லார் முன்னாலும்தான்.

இருவரும் போய் ஆளுக்கொரு பூட்டைத் திறந்தோம். பொழுது சாயும் நேரம் எங்கள் மொட்டை மாடியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்தோம். பெரியவர் ஓடையிலிருந்து ஏறி நேரே என் தோப்புக்குள் நுழைந்தார். மடமடவென்று கிளை முறிந்தது.

"ஐயோ, என்ற மரம்!"

"சேச்சி, சப்தம் வேண்டா" என்று பாரஸ்டர் கெஞ்சினார்.

என் ஆயுசில் அன்றுதான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பெரியவர் நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு கேட்டருகே கொஞ்சம் நின்று, தும்பிக்கையைத் தூக்கி மோந்துவிட்டு, வெளியே நடந்தார். அவர் காட்டுக்குள் மறைந்ததும் நாங்கள் ஓடிப்போய்க் கேட்டைச் சாத்தி இரண்டு பூட்டையும் மறுபடி போட்டோம். "எனக்கும் நல்ல பயமாயிருந்து, சேச்சி" என்று பாரஸ்டர் நெற்றியைத் துடைத்தார்.

விடிந்து போய்ப் பார்த்தால் ஒரே ஒரு மரம்தான் போயிருந்தது. மற்ற மரங்களில் ஒரு காய்கூட உதிரவில்லை. பட்டாசுக் கட்சிக்காரர்கள் கூடையோடு வந்து நின்றார்கள். பாரஸ்டர் யூனிபார்மோடு தொரட்டி பிடித்தார். பாதிக் காயைத் தலையிலேயே வாங்கிக்கொண்டார் பாவம், ஆனால் லாரி நிறைந்துதான் போனது.

அன்று சாயங்காலம் கேட்டுக்குப் போய் என் பூட்டைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். அந்த மனுஷன் பூட்டு ஒன்றே போதும் என்று தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நெல்லிக்காய்ப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"ஏனுங்கக்கா, கேட்ல பூட்டே இல்லீங்க. சும்மா சாத்தியிருக்குது."

பாரஸ்டருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உங்க பூட்டு எங்கீங்க?"

அவர் மெதுவாகச் சொன்னார். "சேச்சியோட பூட்டு போதும்னு நான் ராத்திரி எடுத்தாச்சு. இருட்டுல அது இல்லேன்னு கண்டில்ல."

இருவரும் கேட்டுக்கு ஓடினோம். வெளிப்பக்கம் கேட்டை ஒட்டி யானை போட்ட புது லத்தி கிடந்தது. பெரியவர் வந்திருக்கிறார். பூட்டில்லாத கேட்டருகே நின்றுவிட்டு, தள்ளாமல் திரும்பிப் போயிருக்கிறார்.

"உங்க பூட்டையே போடுங்க" என்றேன்.

"வேண்டா, சேச்சியோடது போடு."

"சொன்னாக் கேளுங்க, உங்களுது!"

நெல்லிக்காய்ப் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிக் காட்டுக்குள் போனார்கள்.